தேவதாஸ்: பிமல் ராய் படமும் பன்சாலி படமும்

சரத் சந்திர சட்டோபாத்யாயர் 'தேவதாஸ்' நாவலை 1900ஆம் ஆண்டை ஒட்டி எழுதினார். அப்போது அவருக்கு இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது. கைப்பிரதி பல ஆண்டுகள் அச்சேறாமல் கிடந்தது. இளமை வேகத்தில் எழுதிய கதையை வெளியிட அவருக்கே கூச்சம் இருந்தது. 1917இல்தான் அது புத்தகமாக வந்தது. எழுதியவரே ஒதுக்கிவைக்க நினைத்த இந்தச் சிறு நாவலை இந்தியத் திரையுலகம் விட்டுவைக்கவில்லை. 1928இல் நரேஷ் மித்ரா அதை மௌனப் படமாக எடுத்தார். 1935இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்துக்காகப் பிரமதேஷ் பருவா வங்காளியில் இயக்கி, நாயகனாகவும் நடித்தார். அடுத்த ஆண்டு குந்தன்லால் சைகலை நாயகனாக்கி இந்தியில் எடுத்தார். 1937இல் பி. வி. ராவ் இயக்கத்தில் தமிழிலும் ஒரு 'தேவதாஸ்' வந்தது. 1953இல் வேதாந்தம் ராகவய்யா தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த படத்தில் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்தார்கள். தாடியும் புட்டியும் இருமலுமாகத் தமிழர் மனத்தில் பதிந்துபோன தேவதாஸ் இந்தப் படத்துக்கு உரியவர். சி. ஆர். சுப்பராமன் இசையும் கண்டசாலாவின் குரலும் அந்த உருவத்தை இன்றுவரை அழியவிடவில்லை.

இந்த நீண்ட வரிசையில் இரண்டு இந்திப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. ஒன்று பிமல் ராய் 1955இல் எடுத்தது. மற்றொன்று சஞ்சய் லீலா பன்சாலி 2002இல் எடுத்தது. நாவலும் மொழியும் ஒன்றே. கதைப்போக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் இந்தக் காதல் அழிந்ததற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் இரண்டு படங்களும் வெவ்வேறு பதில் சொல்கின்றன. அரங்கம், பாட்டு, நடிப்பு, முடிவு என்று அவற்றுக்கு இடையே காணப்படும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பதிலிலிருந்து கிளைத்தவை.

நாவல் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தால்சோனாபூர் என்ற வங்காள கிராமத்தில் ஜமீன்தார் நாராயண் முகர்ஜியின் மகன் தேவதாஸ். பக்கத்து வீட்டு நீலகண்ட சக்கரவர்த்தியின் மகள் பார்வதி. ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே குளக்கரையில் விளையாடி, அடித்துக்கொண்டும் சேர்ந்துகொண்டும் வளர்கிறார்கள். தேவதாஸ் படிப்புக்காகக் கல்கத்தா போகிறான். பார்வதிக்குப் பதின்மூன்று வயதானதும் அவளுடைய பாட்டி கல்யாணப் பேச்சை எடுக்கிறாள். பெண்ணுக்குப் பணம் வாங்கும் வழக்கமுள்ள குடும்பம், அதிலும் அண்டை வீடு என்று ஜமீன் வீட்டார் மறுத்துவிடுகிறார்கள். ஒரு நடுநிசியில் பார்வதி தனியாக தேவதாஸின் அறைக்கு வந்து தன்னை ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறாள். அவன் தந்தையிடம் பேசிப் பார்க்கிறான், அவர் சீறுகிறார், அவன் கல்கத்தாவுக்குப் போய்விடுகிறான். அங்கிருந்து, தனக்கு அவள்மேல் அப்படியொரு பெரிய காதல் இருந்ததாக நினைவில்லை என்ற பொருளில் ஒரு கடிதம் எழுதித் தபாலில் சேர்க்கிறான். சேர்த்த பிறகு மனம் உறுத்துகிறது. திரும்பி ஓடி வருகிறான். அதற்குள் அவளுக்கு ஹாத்திபோதா ஜமீன்தாரோடு கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மணமகன் மனைவியை இழந்தவர். வளர்ந்த பிள்ளைகள் உள்ளவர். இப்போது பார்வதி அவனை மறுக்கிறாள்.

இந்தக் கதையில் வில்லன் என்று யாரும் கிடையாது. தந்தையின் மறுப்பு அந்தக் காலத்து வங்காள கிராமங்களில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய மறுப்புதான். அதை மீறும் துணிவு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இருந்தது, கல்கத்தாவில் படித்த இளைஞனுக்கு இல்லை என்பதே சரத் சந்திரரின் குற்றச்சாட்டு. அவள் நடுநிசியில் வந்து நிற்கும்போது அவனுக்கு முதலில் தோன்றுவது யாராவது பார்த்தார்களா என்ற பயம். அந்த ஒரு பயத்தில் அவன் முழு ஆளும் தெரிந்துவிடுகிறான். பிறகு வரும் குடியும் ஊர்சுற்றலும் நோயும் அந்த இரவுக்கு அவன் தானே விதித்துக்கொண்ட தண்டனை.

பிமல் ராய்க்கு இந்தக் கதையோடு இருந்த உறவு பழையது. டாக்காப் பகுதியில் ஜமீன் குடும்பம் ஒன்றில் 1909இல் பிறந்தவர். கல்கத்தாவுக்கு வந்து நியூ தியேட்டர்ஸில் ஒளிப்பதிவாளராக வளர்ந்தவர். பருவா எடுத்த சைகல் படத்துக்குக் கேமராவைக் கையாண்டவர் அவர்தான். கல்கத்தாப் படத்தொழில் தளர்ந்தபின் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து 1953இல் 'தோ பீகா ஜமீன்' எடுத்தார். சரத் சந்திரரின் 'பரிணீதா'வையும் 'பிராஜ் பஹு'வையும் அடுத்தடுத்துப் படமாக்கி, மூன்றாவதாக 'தேவதாஸு'க்கு வந்தார். திரைக்கதை நவேந்து கோஷ், வசனம் ராஜிந்தர் சிங் பேடி, ஒளிப்பதிவு கமல் போஸ், படத்தொகுப்பு ரிஷிகேஷ் முகர்ஜி, இசை எஸ். டி. பர்மன், பாடல்கள் சாஹிர் லுதியான்வி. இலக்கியத்தையும் வங்காள கிராமத்தையும் உள்ளிருந்து அறிந்தவர்கள் கூடிய குழு அது. ஜமீன் வீட்டின் திண்ணை எவ்வளவு அகலம், வேலைக்காரன் எவ்வளவு தூரம் தள்ளி நிற்பான் என்பதை ராய் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அவர் படம் குழந்தைப் பருவத்தில் நிதானமாகத் தங்குகிறது. பள்ளிக்கூடத்துச் சேட்டை, தோப்பில் ஒளிந்துகொள்வது, பிரம்படி, கோபம், சமாதானம் எல்லாம் அவசரமில்லாமல் நடக்கின்றன. இந்தப் பகுதி வெறும் முன்னுரையாக நின்றுவிடுவதில்லை. தேவதாஸ் அடிப்பவன், பார்வதி அடி வாங்கிக்கொண்டும் அவன் பக்கம் நிற்பவள் என்ற முறை இங்கேதான் உருவாகிறது. பின்னால் வரும் எல்லாம் இதன் தொடர்ச்சி. நாவலில் ஒரு சின்ன நிகழ்ச்சி உண்டு. தேவதாஸ் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்த மூன்று ரூபாயை, பாடிக்கொண்டு வரும் வைஷ்ணவப் பெண்களுக்குப் பார்வதி தூக்கிக் கொடுத்துவிடுகிறாள். ராய் அந்தப் பாடகர்களை பாவுல் நாடோடிகளாக்கி, மன்னா டேயும் கீதா தத்தும் பாட, கண்ணனைப் பிரிந்த ராதையின் ஏக்கத்தைக் கிராமத்துப் பாதையில் ஒலிக்கவிடுகிறார். நண்பன் ஊரில் இல்லாத குழந்தை ஒன்று, தனக்குப் பெயர் தெரியாத ஒரு துயரத்தை அந்தப் பாட்டில் அடையாளம் கண்டுகொள்கிறது. படத்தில் மனத்தைவிட்டு நீங்காத இடங்களில் இது ஒன்று. நாயக நாயகியர் வாயைத் திறக்காமலே அவர்கள் கதையைப் பாட்டு சொல்லிவிடுகிறது.

பன்சாலியின் படத்தில் குழந்தைப் பருவம் இடையிடையே மின்னும் நினைவுத் துணுக்குகளாகச் சுருங்கிவிடுகிறது. கதை தேவதாஸின் வருகையில் தொடங்குகிறது. அவன் திரும்பி வருவது கல்கத்தாவிலிருந்து இல்லை, லண்டனிலிருந்து, பத்து ஆண்டுகளுக்குப் பிறகு. வீடு முழுவதும் தடபுடல். தாய் கௌசல்யா வாசலுக்கும் கூடத்துக்கும் ஓடுகிறாள். மகனோ முதலில் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறான். தாய்க்கு முந்திக்கொண்டு பார்வதியைப் பார்த்துவிட்டான் என்ற அந்தக் கணத்தில் பன்சாலியின் கதைக்கு விதை விழுகிறது. கூடவே ஒரு தீபம் வருகிறது. தேவதாஸ் போன நாளிலிருந்து பார்வதி அணையாமல் காத்துவந்த தீபம் அது. கடைசியில் அவன் உயிர் பிரியும்போதுதான் அது அணைகிறது. திரையில் இது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சரத் சந்திரரின் பார்வதி விளக்கேற்றிக் காத்திருந்தவள் இல்லை. அவனோடு சண்டையிட்டு, அவனை வேண்டி, அவனை மறுத்து, வேறொரு வீட்டை நிர்வகித்து வாழ்ந்தவள். தீபம் அவள் காதலை நேர்த்திக்கடன் ஆக்கிவிடுகிறது.

காதல் முறிவதற்கான காரணத்தில்தான் இரண்டு படங்களும் அடிப்படையில் பிரிகின்றன. ராய் நாவலின் வழியே போகிறார். தந்தையின் மறுப்பு, நடுநிசிச் சந்திப்பு, கல்கத்தாப் பயணம், கடிதம், தாமதமான மனமாற்றம் எல்லாம் அதே வரிசையில் வருகின்றன. நடுநிசிக் காட்சியில் பார்வதியாக நடிக்கும் சுசித்ரா சென் பேசுவது குறைவு. இருட்டும் விளக்கொளியும் பாதியாகப் பிரித்த அந்த முகத்தில் வெட்கத்தைவிட உறுதியே மிகுந்து தெரிகிறது. எதிரே தேவதாஸாக நடிக்கும் திலீப் குமார் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல் கதவைப் பார்க்கிறார். அவனுடைய தோல்வியைச் சொல்ல ராய்க்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

பன்சாலி இந்த வெற்றிடத்தை நிகழ்ச்சிகளால் நிரப்புகிறார். பார்வதியின் தாய் சுமித்ராவை, மூத்த மருமகள் குமுதின் வளைகாப்புக்கு கௌசல்யா அழைக்கிறாள். ஆடச் சொல்கிறாள். சுமித்ரா ஆடிக் களைத்து நின்றதும், ஆட்டக்காரக் குடும்பத்துப் பெண்ணுக்கு இந்த வீட்டு மருமகளாகும் ஆசையா என்று ஊரார் முன்னிலையில் அவமதிக்கிறாள். நாவலில் பெண்ணுக்குப் பணம் வாங்கும் குடும்பம் என்ற சமூக இழிவு, இங்கே ஆட்டத்தொழில் மரபு என்று மாறியிருக்கிறது. இதற்குப் பின்னணியாகக் குமுதின் சூழ்ச்சியும் ஓடுகிறது. சுமித்ராவாக நடிக்கும் கிரண் கேர் இந்தக் காட்சியில் காட்டும் கொதிப்பு அசாதாரணமானது. சிரிப்பு, நம்பிக்கை, குழப்பம், கூனிக்குறுகல், பிறகு சீறி எழுந்து, இதைவிடப் பெரிய வீட்டில் என் மகளைக் கொடுப்பேன் என்று சபதம் செய்வது வரை அந்த முகம் ஒரே மூச்சில் மாறுகிறது. சுமித்ரா ஆடிக்கொண்டிருக்கும்போதே நீர்க்கரையில் தேவதாஸும் பார்வதியும் நெருங்கியிருக்கும் காட்சிகள் மாறி மாறி வருகின்றன. தாயின் ஆட்டமும் மகளின் காதலும் ஒரே தாளத்தில் கட்டப்பட்டு ஒன்றாக வெட்டப்படுகின்றன. இதைவிடத் திறமையாக ஒரு முறிவைப் பாட்டில் அமைப்பது கடினம்.

ஆனால் இந்தத் திறமைக்குக் கதை கொடுக்கும் விலை பெரிது. ஒரு தாயின் செருக்கும் ஒரு மருமகளின் பொறாமையும் முன்னால் வந்ததும் தேவதாஸ் பாதிக்கப்பட்டவன் ஆகிவிடுகிறான். அவன் எழுதிய கடிதம் படத்தில் இருக்கிறது; அதன் கனம்தான் போய்விட்டது. புகுந்த வீட்டிலும் காளிபாபு என்ற மருமகன் புதிதாக முளைக்கிறான். பார்வதியின் பழைய உறவைப் போட்டு உடைப்பதும் அவள் வீட்டுச் சிறையில் அடைபடக் காரணமாவதும் அவனே. நாவலில் பார்வதியின் கணவர் புவன் சௌத்ரியின் குடும்பம் அவள் அன்புக்குக் கட்டுப்பட்ட குடும்பம். அவளைவிட மூத்த மகளும் மகனும் அவளை அம்மா என்று ஏற்றுக்கொள்வதில் ஒரு விசித்திரமான இரக்கம் இருக்கிறது. ராய் அதைக் காப்பாற்றியிருக்கிறார். அந்த வீட்டில் யாரும் கொடியவர் இல்லை என்பதால்தான் அவள் அங்கே வாழும் வாழ்க்கை நம்மை வருத்துகிறது.

பார்வதியின் நெற்றித் தழும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாவலில் கல்யாணத்துக்கு முன் குளத்துப் படித்துறையில் இருவரும் சந்திக்கிறார்கள். அவள் கர்வமாகப் பேசுகிறாள். அவன் கையிலிருந்த தூண்டில் கோலால் நெற்றியில் அடித்துவிடுகிறான். ரத்தம் வழிகிறது. நிலவுக்கும் களங்கம் உண்டு என்ற மாதிரியான சமாதானம் ஒன்றை அவன் சொல்கிறான். படிக்கிறவருக்கு அந்த இடத்தில் அவன்மேல் அருவருப்பு வர வேண்டும், வருகிறது. ராயின் படத்திலும் அது நீர்க்கரையில் நடக்கும் ஒரு சின்ன வன்முறை. இசை அதைப் பெரிதாக்குவதில்லை. பன்சாலி அதைக் கல்யாண நாளுக்கு நகர்த்துகிறார். மணக்கோலத்தில் நிற்கும் பார்வதியின் நெற்றியில் கழுத்தணி விழுகிறது. ரத்தம் குங்குமத்துக்கு நிகராகிறது. அடி என்பது ஒருவகைத் தாலிகட்டாக மாறிவிட, அதைச் செய்த ஆணின்மேல் கோபப்படப் பார்ப்பவருக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. இந்த மாற்றம் நாவலுக்குச் செய்யப்பட்ட தீங்குகளில் முக்கியமானது.

கல்கத்தாவில் தேவதாஸ் சந்திக்கும் கணிகை சந்திரமுகியிடம் வரும்போது நிலைமை சற்று மாறுகிறது. ராய் படத்தில் இந்தப் பாத்திரத்தை ஏற்றவர் வைஜயந்திமாலா. சென்னையில் பரதநாட்டியம் பயின்று, ஏவிஎம்மின் 'வாழ்க்கை' மூலம் 1949இல் திரைக்கு வந்தவர். அவர் ஆடக்கூடியவர் என்று தெரிந்தும் ராய் அந்த ஆட்டத்தை அளவோடுதான் பயன்படுத்தினார். அவருக்குத் தேவைப்பட்டது ஆட்டம் நின்றபின் அந்த முகத்தில் வரும் மாற்றம். தன்னை வெறுத்துப் பணத்தை வீசிவிட்டுப் போகும் முதல் ஆணிடம் சந்திரமுகி மனத்தைக் கொடுக்கிறாள். நகையைக் கழற்றி, தொழிலை விட்டு, ஒரு கிராமத்தில் எளிய வாழ்க்கைக்குப் போகிறாள். தேவதாஸைத் தேடுவதற்காகவே மறுபடி நகரத்துக்கு வந்து, தெருவில் விழுந்து கிடப்பவனைக் கண்டெடுக்கிறாள். படிப்படியாக நடக்கும் இந்தத் துறவில் வைஜயந்திமாலாவின் நடிப்பு சுசித்ரா சென்னுக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. சிறந்த துணை நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தபோது, தன் பாத்திரம் துணைப் பாத்திரம் இல்லை, பார்வதிக்குச் சமமானது என்று சொல்லி அவர் அதை ஏற்க மறுத்தார். படத்தை இன்று பார்த்தாலும் அவர் சொன்னது நியாயம் என்றே படும்.

பன்சாலி படத்தில் மாதுரி தீட்சித்தின் சந்திரமுகி பெரும்பாலும் மாளிகையில் வாழ்கிறாள். கலை இயக்குநர் நிதின் சந்திரகாந்த் தேசாய் பம்பாய் ஃபிலிம் சிட்டியில் செயற்கை ஏரியைச் சுற்றி எழுப்பிய அரங்கம் அது. தூண்களும் விளக்குகளும் நீரில் இரட்டித்துத் தெரியும். பினோத் பிரதானின் கேமரா அவற்றைத் தடவிக்கொண்டே போகிறது. பிர்ஜு மகராஜ் அமைத்த கதக் ஆட்டத்தில் மாதுரி காட்டும் அபிநயம், கண்ணனின் குறும்பைப் பொய்க்கோபத்தோடு ஒரு பெண் முறையிடும் அந்த நுட்பம், படத்தின் உண்மையான செல்வம். இங்கே ஆடம்பரம் கதையை மறைக்கவில்லை. கலைக்காக வாழ்ந்த ஒரு பெண்ணின் மரியாதையை அது நிலைநாட்டுகிறது. அவள் வாழ்க்கை மாறியதை மட்டும் படம் காட்டவில்லை. கடைசிவரை அவள் பட்டிலும் நகையிலும் இருக்கிறாள்.

நாவலில் பார்வதியும் சந்திரமுகியும் சந்திப்பதே இல்லை. ஒருவனை நேசித்த இரண்டு பெண்களை நேருக்கு நேர் நிறுத்த எந்தத் திரைக்கதையாளருக்கும் ஆசை வரும். ராயும் அந்த ஆசைக்கு இடம் கொடுத்தார், ஒரு கிராமத்துச் சாலை அளவுக்கு மட்டும். தேவதாஸைத் தேடி வந்த சந்திரமுகி நடந்து போகிறாள். எதிரே பார்வதியின் பல்லக்கு வருகிறது. திரை விலகுகிறது, இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பேச்சு இல்லை. யார் என்று கேட்பதும் இல்லை. பல்லக்குத் தூக்கிகளின் நடை நிற்கவில்லை; இருவரும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி எதிரெதிர்த் திசையில் போய்விடுகிறார்கள். ஒருத்தி ஜமீன்தாரிணி, மற்றவள் ஊர் ஒதுக்கிய பெண். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரிந்திருந்தாலும் பேசிக்கொள்ள அந்தச் சமூகத்தில் இடம் இல்லை. பார்வை மட்டும்தான் மிஞ்சும் என்பதை ராய் புரிந்துகொண்டிருக்கிறார்.

பன்சாலி இதே ஆசையை முழுதாக நிறைவேற்றிக்கொள்கிறார். பார்வதி சந்திரமுகியின் வீட்டுக்கே வருகிறாள். துர்க்கை பூஜைக்கு அம்மன் உருவம் செய்யும் களிமண்ணில் கணிகையர் வீட்டு வாசல் மண்ணும் கலக்க வேண்டும் என்பது வங்காள வழக்கம். அந்த மண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பூஜைக்கு வரும்படி சந்திரமுகியை அழைக்கிறாள். பிறகு ஜமீன் மாளிகை முற்றத்தில், வெள்ளையும் சிவப்புமான சேலையில் இருவரும் சேர்ந்து ஆடுகிறார்கள். சரோஜ் கான் அமைத்த இந்த ஆட்டம் தேசிய விருது பெற்றது; நாடு முழுவதும் கல்யாண மேடைகளில் இன்றும் ஆடப்படுகிறது. ஒரு ஜமீன்தாரிணி கணிகையோடு கைகோத்து ஊர் பார்க்க ஆடியிருக்க முடியுமா என்று வரலாறு கேட்டால், முடியாது என்பதே பதில். ஆனாலும் அந்த வாசல் மண்ணைக் கதைக்குள் கொண்டுவந்தது பன்சாலியின் மிகச் சிறந்த கற்பனை என்று சொல்லத் தோன்றுகிறது. அம்மனுக்கு மண் தரலாம், அம்மன் சன்னிதியில் நிற்கக் கூடாது என்ற முரணை அது ஒரே காட்சியில் பிடித்துவிடுகிறது. ஆட்டம் முடிந்த கையோடு காளிபாபு அந்த முரணையே ஆயுதமாக்குகிறான். சந்திரமுகி அவனுக்குத் திருப்பிக் கொடுக்கும் பதில், நாவலில் அவளுக்குக் கிடைக்காத மேடை.

இரண்டு நாயகர்களும் இந்த இரண்டு நோக்குகளுக்கு ஏற்பவே நடித்திருக்கிறார்கள். திலீப் குமார் குரலைத் தாழ்த்திக்கொண்டே போகிறார். வாக்கியங்கள் பாதியில் நிற்கின்றன. போதையிலும் கைகால் ஆர்ப்பாட்டம் இல்லை. எதையோ நினைவுபடுத்திக்கொள்ள முயன்று முடியாமல் விடுபவரைப் போல் இருக்கிறார். பாடும்போது தலத் மஹ்மூதின் நடுங்கும் குரல் அந்தத் தயக்கத்தோடு இயல்பாக இணைந்துவிடுகிறது. தொடர்ந்து துயரப் பாத்திரங்களில் நடித்தது மனநலத்தைப் பாதித்ததால், இலகுவான வேடங்களுக்கு மாறும்படி மருத்துவர் தமக்கு யோசனை சொன்னதாக அவர் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். அப்படி அவர் ஏற்ற முதல் படங்களில் ஒன்று, 'மலைக்கள்ளன்' கதையைக் கோயம்புத்தூர் பட்சிராஜா நிறுவனம் இந்தியில் எடுத்த 'ஆசாத்'. பன்சாலியின் தேவதாஸான ஷாருக் கானோ வலியை வெளியே கொட்டுகிறார். சிரித்தபடி அழுவது, உரக்கச் சவால் விடுவது, தந்தையின் இறுதிச் சடங்கு வீட்டுக்குள் தள்ளாடி வருவது எல்லாம் அந்தப் பிரமாண்ட அரங்கங்களின் அளவுக்கு ஈடுகொடுக்கின்றன. உலகம் தனக்கு அநியாயம் செய்துவிட்டது என்று நம்புபவனின் நடிப்பு அது. திலீப் குமாருடையது தானே அநியாயம் செய்துவிட்டதை அறிந்தவனின் நடிப்பு.

கடைசிப் பயணத்தில் ராய் தன் ஒளிப்பதிவாளர் காலத்துக்குத் திரும்புகிறார். ரயில் ஓடுகிறது, சக்கரங்கள், கரி அள்ளிப் போடப்படும் உலை, ஊர் ஊராக மாறும் நிலையங்கள். பழைய வேலைக்காரன் தர்மதாஸ் கூடவே இருக்கிறான். தேவதாஸுக்குப் போக இடமில்லை. ரயில் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. சாவு நெருங்கும்போது, ஒரு தடவையாவது உன் வீட்டு வாசலுக்கு வருவேன் என்று பார்வதிக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வருகிறது. தர்மதாஸ் தூங்கும்போது நள்ளிரவில் இறங்கி, மாட்டு வண்டி பிடித்து, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே போகிறான். எப்போதும் தாமதமாகவே வந்தவன் கடைசியிலும் தாமதமாகத்தான் வருகிறான்.

முடிவில் இரண்டு படங்களும் நாவலைவிட்டு விலகி, பருவாவின் படம் போட்டுக்கொடுத்த வழியில் போகின்றன. வாசலில் கிடப்பவன் யாரென்று அறிந்து பார்வதி ஓடிவருகிறாள். வெளிக்கதவு அவள் முகத்துக்கு எதிரே மூடப்படுகிறது. ராய் படத்தில் இது சுருக்கமாக, கிட்டத்தட்ட ஒரு வீட்டு ஒழுங்கு நடவடிக்கையைப் போல நடந்துவிடுகிறது. பன்சாலி படத்தில் அவள் நீண்ட தாழ்வாரங்களைக் கடந்து, சேலைத் தலைப்பு பின்னால் புரள ஓடிக்கொண்டே இருக்கிறாள். கதவை மூடச் சொல்லிக் கணவர் கத்துகிறார். மூடும் கதவின் இடுக்கில் அவள் மங்கலான உருவத்தைக் கண்டு தேவதாஸ் கண்ணை மூடுகிறான். அவன் அவளைப் பார்த்துவிடுகிறான் என்பது சின்ன மாற்றம் போலத் தெரிந்தாலும் கதையின் கசப்பைப் பாதி எடுத்துவிடுகிறது.

நாவலில் அவள் ஓட முயல்வதுகூடக் காலம் கடந்த பிறகுதான். இரவெல்லாம் மரத்தடியில் கிடந்து காலையில் உயிர் விட்டவன் யாரென்று அவள் அறிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. யாரோ எவரோ என்று ஊரில் மேல்சாதியார் எவரும் பிணத்தைத் தொட முன்வரவில்லை; தாழ்த்தப்பட்டவர்கள் எடுத்துப்போய் அரைகுறையாக எரித்துவிட்டு வருகிறார்கள். ஜமீன்தார் மகனாகப் பிறந்து, சாதியும் அந்தஸ்தும் பார்த்து ஒரு பெண்ணைக் கைவிட்டவனுக்கு, அதே சாதி ஒழுங்கு கடைசியில் ஒரு கொள்ளியைக்கூட ஒழுங்காகத் தரவில்லை. சரத் சந்திரரின் கதையில் மிகக் கடுமையான இடம் இதுதான். இரண்டு படங்களுமே பார்வதியின் ஓட்டத்தை உச்சமாக்கியதில் இது பின்னுக்குப் போய்விட்டது. ராயைப் போன்ற ஒரு சமூகக் கலைஞர் இதை முழு வலுவோடு கையாளாமல் விட்டது ஏமாற்றமாகவே இருக்கிறது.

பன்சாலியின் படம் 2002 கான் திரைப்பட விழாவில் போட்டிக்கு வெளியே திரையிடப்பட்டது. ஐம்பது கோடி ரூபாய்ச் செலவு என்று சொல்லப்பட்டது. அன்றைக்கு இந்தியில் அதுவே மிகப் பெரிய தொகை. ஐந்து தேசிய விருதுகள் கிடைத்தன. ஷ்ரேயா கோஷல் என்ற பாடகியைத் திரைக்குத் தந்ததும் அதே படம். ராயின் படம் பாய்ச்சிய செல்வாக்கு வேறு வகையானது. குரு தத் 1959இல் எடுத்த 'காகஸ் கே ஃபூல்' படத்தின் நாயகன் ஒரு திரைப்பட இயக்குநர். கதைக்குள் அவர் எடுத்துக்கொண்டிருக்கும் படம் 'தேவதாஸ்'.

பன்சாலிக்கு ஏழு ஆண்டுகள் கழித்து அனுராக் காஷ்யப் 'தேவ்.டி' எடுத்தபோது கதை இன்றைய பஞ்சாபுக்கும் தில்லிக்கும் இடம்பெயர்ந்தது. அதில் சூழ்ச்சி செய்யும் அண்ணியோ மறுக்கும் தாயோ காதலை முறிப்பதில்லை. பார்வதியைப் பற்றி யாரோ சொன்ன அவதூறை நம்பி அவளை அவமதிப்பது நாயகனே. மிகத் துணிச்சலாகக் காலத்தை மாற்றிய இந்தப் படம், பொறுப்பு யாருடையது என்ற விஷயத்தில் மட்டும் பன்சாலியைத் தாண்டி ராயிடமும் சரத் சந்திரரிடமும் போய்ச் சேர்கிறது. குற்றத்தை அவன் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டுவிடுவதால், காஷ்யப் அவனைச் சாகவிடவில்லை. சந்திரமுகியோடு வாழ அனுப்பிவிடுகிறார்.